வீதி, தெரு, சந்து: மதுரையைக் காலால் அறிந்துகொள்வது எப்படி?

மதுரைக்கு வந்துசேர்ந்த கோவலன், கண்ணகியைக் கவுந்தியடிகளின் காவலில் புறஞ்சேரியில் இருத்திவிட்டுத் தான் மட்டும் நகருக்குள் நடந்து போகிறான். சிலப்பதிகாரத்தில் அந்தப் பகுதிக்கு ஊர்காண் காதை என்று பெயர். யவனர் காவல் காத்த கோட்டை வாயிலைக் கடந்து, மணிகள் விற்கும் வீதி, பொன் விற்கும் வீதி, துணி விற்கும் வீதி, தானியம் விற்கும் வீதி என ஒவ்வொன்றாகப் பார்த்து, வெயில் நுழையாதபடி கொடிகள் பந்தலிட்ட நிழலில் சுற்றிவிட்டு, மீண்டும் மதிலுக்கு வெளியே திரும்புகிறான். புதிய ஊரொன்றைக் காண விரும்புகிறவருக்கு இதைவிட நல்ல வழிகாட்டிக் குறிப்பு தமிழில் உண்டா என்று எனக்குத் தெரியவில்லை. அவன் தனியாகப் போகிறான், கடைவீதிகளின் வழியே போகிறான், நிழலைப் பிடித்துக்கொண்டு போகிறான், ஓரிடத்திலும் அவசரப்படவில்லை. பின்னர் கையில் சிலம்போடு அதே ஊருக்குள் போனது வேறு கதை.

வெளியூர்களிலிருந்து மதுரைக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் ஆட்டோவோ காரோ பேசிக்கொண்டு கோயில், மகால், தெப்பக்குளம், காந்தி அருங்காட்சியகம் என்று நான்கு இடங்களை ஒரே நாளில் பார்த்துவிட்டு இரவு ரயிலுக்குத் திரும்பிவிடுகிறார்கள். அந்த நான்கு இடங்களும் பார்க்கத் தகுந்தவைதாம். ஆனால் ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரியாமலே போய்விடுகிறது. மதுரையில் ஊர் என்பது பெரும்பாலும் அந்த நடுவில்தான் இருக்கிறது. இரண்டு இரவுகளும் ஒரு ஜோடி நல்ல செருப்பும் இருந்தால் பழைய நகரத்தை முழுவதுமாக நடந்தே அறிந்துகொள்ளலாம். வேலை நிமித்தமாக இந்த ஊருக்கு வந்து, முதல் மாதம் முழுவதும் வழி தவறித் தவறியே கற்றுக்கொண்ட முறையைக் கீழே எழுதியிருக்கிறேன்.

முதலில் ஊரின் அமைப்பை மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். மதுரை ஒரு தாமரை, அதன் இதழ்கள் தெருக்கள், நடுவிலுள்ள பொகுட்டு கோயில் என்று பரிபாடல் பாடல் ஒன்று சொல்கிறது. இன்றைய வரைபடத்தை வைத்துப் பார்த்தாலும் அந்த உவமை பெரிதும் பொருந்துகிறது. மீனாட்சியம்மன் கோயிலின் மதிலுக்கு உள்ளே சுற்றிவருபவை ஆடி வீதிகள். மதிலுக்கு வெளியே ஒட்டிச் சுற்றுபவை சித்திரை வீதிகள். அவற்றுக்கு வெளியே ஆவணி மூல வீதிகள், அவற்றுக்கும் வெளியே மாசி வீதிகள், எல்லாவற்றுக்கும் வெளியே, பழைய கோட்டை இருந்த எல்லையில், வெளி வீதிகள். ஒவ்வொன்றும் நான்கு திசைக்கும் ஒன்றாக நான்கு பகுதிகள் கொண்டது. அந்தந்த மாதத் திருவிழாவில் சுவாமி உலா வரும் வீதி என்பதால் மாதப் பெயர்கள் வந்தன என்பார்கள். ஆனால் சித்திரைத் திருவிழாவின் தேர் ஓடுவது சித்திரை வீதியில் அன்று, மாசி வீதியில். மாசியில் நடந்துவந்த விழாவைத் திருமலை நாயக்கர் சித்திரைக்கு மாற்றினார் என்றும், விழா மாறிய பிறகும் வீதியின் பெயர் மாறவில்லை என்றும் இதற்கு விளக்கம் சொல்லப்படுகிறது.

கிளம்புவதற்கு முந்திய இரவு கைப்பேசியில் வரைபடத்தைத் திறந்து, இந்த ஐந்து சுற்றுகளையும் ஒரு தாளில் நீங்களே வரைந்து பாருங்கள். அளவு சரியாக இருக்க வேண்டியதில்லை. ஒன்றுக்குள் ஒன்றாக ஐந்து சதுரங்கள், மேற்கே ரயில் நிலையம், வடக்கே வைகை, தென்கிழக்கே மகால் என்று குறித்தால் போதும். கையால் வரைந்த படம் மனத்தில் நிற்கும். திரையில் பார்த்த நீலப் புள்ளி நிற்காது. மறுநாள் நடக்கும்போது கைப்பேசியைப் பையில் போட்டுவிடுங்கள். உண்மையாகவே திக்குத் தெரியாமல் நின்றால் மட்டும் எடுத்துப் பார்க்கலாம்.

படம் வரையும்போதே இரண்டு சொற்குறிப்புகளையும் எழுதிக்கொள்வது நல்லது. மதுரையில் கீழமாசி வீதி என்றால் கிழக்கே உள்ள மாசி வீதி, மேலமாசி வீதி என்றால் மேற்கே உள்ளது; கீழ், மேல் என்பவற்றைத் தாழ்வு, உயரம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. தமிழ் தெரிந்தவருக்கு இதைச் சொல்ல வேண்டுமா என்று தோன்றலாம். சாலைகளுக்கு எண்ணும் தலைவர்களின் பெயரும் வைத்த புறநகர் ஒன்றில் வளர்ந்த நான், முதல் வாரத்தில் கீழ ஆவணி மூல வீதியைக் கோயிலுக்கு மேற்கே அரை மணி நேரம் தேடியிருக்கிறேன். இரண்டாவது, வீதி, தெரு, சந்து என்ற மூன்றும் இங்கே ஏறத்தாழ ஒரு வரிசையைக் குறிக்கின்றன. சுவாமி உலா வரும் அகலமான சுற்றுப்பாதை வீதி. இரண்டு வீதிகளை இணைக்கும் குறுக்குப் பாதை பெரும்பாலும் தெரு. தெருவிலிருந்து பிரிந்து, சில சமயம் முட்டிக்கொண்டு நின்றுவிடுவது சந்து. பெயர்ப்பலகையின் கடைசிச் சொல்லைப் படித்தாலே நீங்கள் எவ்வளவு உள்ளே வந்துவிட்டீர்கள் என்பது ஓரளவு தெரிந்துவிடும்.

மதுரை வெயிலில் நண்பகலில் நடப்பது வீரமாகாது. காலை ஐந்தரை மணியிலிருந்து ஒன்பதரை வரை ஒரு நடை, மாலை ஐந்து மணியிலிருந்து இரவு ஒன்பதரை வரை ஒரு நடை என்று நாளை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். கோயிலும் நண்பகலுக்குப் பிறகு நடை சாத்தி மாலை நான்கு மணியளவில்தான் திறக்கிறது என்பதால், இடையில் படுத்துத் தூங்குவதில் இழப்பு ஒன்றுமில்லை. எளிதில் கழற்றி மாட்டக்கூடிய செருப்பு, தண்ணீர்ப் புட்டி, ஒரு குடை, சில்லறை, ஒரு சிறு குறிப்பேடு ஆகியவை போதும். மாசி வீதிகளில் நடைமேடை என்று ஒன்று பெயருக்கு இருந்தாலும் அதன்மேல் இருசக்கர வாகனங்களும் கடைச் சரக்கும் நிற்பதால், சாலையின் ஓரத்தில் எதிரே வரும் வண்டிகளைப் பார்த்தபடி நடப்பதே பாதுகாப்பானது.

வந்திறங்கிய அன்று மாலையே முதல் நடையைத் தொடங்கிவிடலாம். ரயில் நிலையத்துக்கு எதிரே ராணி மங்கம்மாள் கட்டிய சத்திரம் இருக்கிறது. அதைக் கடந்து டவுன்ஹால் ரோட்டில் கிழக்கே நடந்தால் கோயிலை நோக்கியே போவீர்கள். அந்தச் சாலையில் நடக்கிறவர்களில் பலருக்கு, கூடலழகர் கோயிலுக்குரிய பெருமாள் தெப்பக்குளம் கடைகளுக்குப் பின்னால் மறைந்திருப்பது தெரியாது. இரண்டு கடைகளுக்கு நடுவில் இடைவெளி தெரியும் இடத்தில் எட்டிப் பார்த்தால், ஒரு முழுக் குளமும் அதன் நடுவில் மண்டபமும் கண்ணில் படும். வெளியூர்க்காரர் மதுரையில் முதலில் கற்க வேண்டிய பழக்கம் இதுதான்: கடையின் முகப்பைப் பார்ப்பதோடு நிற்காமல், அதற்கு மேலேயும் பின்னாலேயும் பார்ப்பது. முகப்பு நேற்று மாற்றியதாக இருக்கும். மாடியின் மரச்சட்டமும் சுதை வேலையும் மூன்று தலைமுறைக்கு முந்தியதாக இருக்கும்.

கோயிலை அடைந்ததும் உள்ளே நுழைந்துவிடாமல் சித்திரை வீதிகளை ஒரு முறை வலமாகச் சுற்றிவாருங்கள். ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர்தான். வாகனங்களுக்கு அனுமதி இல்லாததால், நகரத்தின் நடுவில் நிம்மதியாக அண்ணாந்து பார்த்தபடி நடக்கக்கூடிய ஒரே இடம் இது. நான்கு கோபுரங்களும் முதல் பார்வைக்கு ஒன்றுபோலத் தோன்றும். சுற்றி முடிப்பதற்குள் அவற்றை வேறுபடுத்தத் தெரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் அடுத்த இரண்டு நாட்களுக்கு அவைதாம் உங்களுக்குத் திசைகாட்டி. நான்கில் உயரமானது தெற்குக் கோபுரம், ஏறத்தாழ 170 அடி. அதன் விளிம்பு நேராக ஏறாமல் சற்றே உள்வளைந்து ஏறும். பழமையானது கிழக்குக் கோபுரம். அதற்கு எதிரே புதுமண்டபம் இருக்கும். கோயிலைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் 9 மீட்டருக்கு மேல் கட்டடம் எழக் கூடாது என்று அரசு விதி உண்டு. அந்த விதியை மீறி எழுந்த தங்கும் விடுதிகள் கண்ணுக்குத் தென்படத்தான் செய்கின்றன. இருந்தாலும் பல தெருமுனைகளிலிருந்து இன்னும் ஒரு கோபுரமாவது தெரிகிறது என்றால் அதற்கு அந்த விதியும் ஒரு காரணம்.

பிறகு உள்ளே போய் ஆடி வீதிகளைச் சுற்றலாம். 2018ஆம் ஆண்டு கோயிலில் நடந்த தீ விபத்துக்குப் பின் கைப்பேசிக்கு உள்ளே அனுமதி இல்லை. வாசலில் ஒப்படைத்துவிட வேண்டும். இதைக் குறையாகச் சொல்கிறவர்களை நிறையக் கேட்டிருக்கிறேன். எனக்கென்னவோ, படம் எடுக்க முடியாத அந்த ஒரு மணி நேரத்தில்தான் வருகிறவர்கள் தூணைத் தூணாகப் பார்க்கிறார்கள் என்று தோன்றுகிறது. வெளியே வந்த பிறகு, கிழக்கே புதுமண்டபத்தைத் தாண்டி எழுகடல் தெருப் பக்கம் போனால், கட்டி முடிக்கப்படாமல் நின்றுபோன ராயகோபுரத்தின் அடிப்பகுதி நிற்கும். முடிந்திருந்தால் மற்ற நான்கையும் மிஞ்சியிருக்கும் என்பது அதன் நிலைக்கால்களின் உயரத்தைப் பார்த்தாலே தெரியும். புதுமண்டபத் தூண்களுக்கு நடுவில் தலைமுறைகளாகத் தைத்துக்கொண்டிருந்த தையல்காரர்களும், வளையல், புத்தகம், திருவிழாப் பொருள் விற்றவர்களும் சில ஆண்டுகளுக்கு முன் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றப்பட்டார்கள். கல்லுக்கு அது நல்லது. பழைய புதுமண்டபத்தைப் பார்த்தவர்களுக்கு அந்தத் தையல் எந்திரங்களின் ஓசை இல்லாத மண்டபம் இன்னும் பழகவில்லை.

மறுநாள் விடியற்காலையில் மாசி வீதிகளைச் சுற்ற வேண்டும். நின்று பார்க்காமல் நடந்தால் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடக்கூடிய சுற்று. நின்று பார்த்தால் மூன்று மணி நேரமாகும். கீழமாசி வீதியிலிருந்து தொடங்குங்கள். மளிகையும் வெங்காயமும் மொத்தமாக விற்கும் பகுதி என்பதால் காலையில் லாரியிலிருந்து மூட்டைகள் இறங்கிக்கொண்டிருக்கும். மிளகாய் வற்றலின் நெடி தும்மலை வரவழைக்கும். மூட்டை சுமந்து வருகிறவர் "வழி, வழி" என்று குரல் கொடுத்தால் உடனே ஒதுங்கிவிட வேண்டும். அவரால் நிற்கவும் முடியாது, திரும்பவும் முடியாது. மேலமாசி வீதியில் 251ஆம் எண் வீட்டைத் தவறவிடாதீர்கள். 1921ஆம் ஆண்டு செப்டம்பர் 22ஆம் நாள் காந்தியடிகள் மேலாடையைத் துறந்து அரையாடைக்கு மாறியது அங்கே தங்கியிருந்தபோதுதான். கீழே கதர்க் கடை இருக்கிறது. துணிக்கடைகளும் ஆயத்த ஆடைக் கடைகளும் நிறைந்த ஊரின் நடுவில் அந்த வீடு இருப்பதைத் தற்செயல் என்று ஒதுக்கிவிட்டு நடக்க எனக்கு மனம் வருவதில்லை.

கடைவீதியை எப்படிப் படிப்பது என்பதற்கு ஒரு வழி சொல்கிறேன். ஒரே சரக்கை விற்கும் கடைகள் எந்த இடத்தில் தொடங்கி எந்த இடத்தில் முடிகின்றன என்று கவனியுங்கள். தெற்கு ஆவணி மூல வீதியில் நகைக்கடைகள் அடுத்தடுத்து வரும். முனை திரும்பிச் சில அடிகள் போனால் சரக்கு மாறிவிடும். மதுரைக்காஞ்சி பகல் கடையை நாளங்காடி என்றும் இரவுக் கடையை அல்லங்காடி என்றும் தனித்தனியே பேசுகிறது. இன்றும் ஒரே வாசலில் பகலில் பாத்திரமும், அதன் கதவு அடைத்த பின் படிக்கட்டின்மேல் இட்லியும் விற்கும் இடங்கள் இருப்பதால், ஒரு வீதியைக் காலையில் ஒரு முறையும் இரவில் ஒரு முறையும் பார்த்தால்தான் அதைப் பார்த்ததாகக் கணக்கு. குறுக்குத் தெருக்களின் பெயர்களைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டே போங்கள்: எழுத்தாணிக்காரத் தெரு, சுண்ணாம்புக்காரத் தெரு, பச்சரிசிக்காரத் தெரு, வெங்கலக்கடைத் தெரு. ஓலையில் எழுதும் வழக்கம் ஒழிந்த பின்னும் எழுத்தாணி செய்தவரின் பெயர் கடிதங்களின் முகவரியில் இருக்கிறது. பெயருக்கும் இன்றைய தொழிலுக்கும் தொடர்பு அறுந்த தெரு எது, அறாத தெரு எது என்று பார்ப்பது சிறுவர்களோடு நடக்கிறவர்களுக்கு நல்ல விளையாட்டும்கூட.

இரண்டு சுற்றுகளையும் முடித்த பிறகுதான் வழி தவறலாம், தவறவும் வேண்டும். ஏதாவதொரு மாசி வீதியில் நின்று, உங்களுக்குப் பிடித்த பெயருள்ள தெருவுக்குள் நுழைந்து, முதல் முனையில் வலப்பக்கம், அடுத்ததில் இடப்பக்கம் என்று மாற்றி மாற்றித் திரும்பிக்கொண்டே போங்கள். எந்த ஊரிலும் செய்யக்கூடியதுதான் என்றாலும் மதுரையில் இதைத் துணிந்து செய்யலாம். எவ்வளவு குழம்பினாலும் பத்து நிமிடத்துக்குள் ஏதோ ஒரு சுற்று வீதியில் வந்து விழுவீர்கள், அங்கிருந்து எந்தப் பக்கம் நடந்தாலும் சுற்று உங்களைத் தெரிந்த இடத்துக்குக் கொண்டுவந்துவிடும். சந்து முட்டிக்கொண்டால் திரும்பி வந்துவிடுங்கள். சந்துகளில் வீட்டு வாசலே வரவேற்பறை என்பதை நினைவில் வைக்க வேண்டும். திண்ணையில் அமர்ந்திருப்பவரைப் பார்த்ததும் ஒரு புன்னகை, அதற்குப் பிறகு அவர் கேட்கும் "யாரைத் தேடுறீங்க?" என்ற கேள்விக்கு மறைக்காத பதில், அவ்வளவு போதும். "சும்மா ஊரைப் பார்க்க வந்தேன்" என்று சொன்னால் முதலில் நம்ப மாட்டார்கள். பிறகு அவர்களே எதைப் பார்க்க வேண்டும் என்று சொல்லத் தொடங்கிவிடுவார்கள். வாசலையும் அடுப்படியையும் கேட்காமல் படம் எடுப்பது மட்டும் கூடவே கூடாது.

வழி கேட்பதிலும் ஒரு முறை இருக்கிறது. தேநீர்க் கடை, பூக்கடை, சைக்கிள் பழுதுபார்க்கும் கடை போன்ற, ஒரே இடத்தில் பல ஆண்டுகளாக இருப்பவர்களிடம் கேளுங்கள்; வண்டியில் காத்திருப்பவர் உங்களைப் போலவே வெளியூர்க்காரராக இருக்கலாம். "எவ்வளவு தூரம்" என்று கேட்டால் "இந்தா பக்கந்தான்" என்றே பதில் வரும், அது நூறு அடியாகவும் இருக்கும், ஒரு கிலோமீட்டராகவும் இருக்கும். "எந்த வீதியைத் தாண்டணும்ணே" என்று கேட்டால் துல்லியமான பதில் கிடைக்கும். "இங்கிட்டுப் போயி, சோத்தாங்கைப் பக்கம் திரும்பி, அங்கிட்டு ஒரு பிள்ளையார் கோயில் வரும்" என்பது மதுரை வழிக்குறிப்பின் அமைப்பு. சோத்தாங்கை வலம், பீச்சாங்கை இடம். அண்ணே, அக்கா, அய்யா என்று அழைத்துக் கேட்டால் சிலர் கடையைவிட்டு இறங்கி முனைவரை வந்து காட்டுவார்கள். சார் என்று அழைத்தால் சுருக்கமாகக் கையைக் காட்டிவிடுவார்கள் என்பது என் அனுபவம்.

இந்த ஊரில் என்னை அதிகமாக ஈர்ப்பது இல்லாத ஒரு பொருள்தான், அதாவது கோட்டை. மதுரையைச் சுற்றிக் கோட்டை மதிலும் அகழியும் இருந்தன. 1840களில் ஆட்சியர் பிளாக்பர்ன் நகரை விரிவாக்குவதற்காக மதிலை இடித்து அகழியைத் தூர்க்க முடிவு செய்தார். இடித்து நிரப்ப முன்வந்தவர்களுக்கு அந்த நிலம் கொடுக்கப்பட்டது. அந்த வேலையில் பங்கேற்ற பெருமாள் மேஸ்திரியின் பெயரும் நில அளவையாளர் மாரட்டின் பெயரும் மாசி வீதிக்கும் வெளி வீதிக்கும் இடையில் எழுந்த புதிய வீதிகளுக்கு வைக்கப்பட்டன. ஆகவே பெருமாள் மேஸ்திரி வீதியிலோ மாரட் வீதியிலோ நிற்கிறீர்கள் என்றால் பழைய கோட்டையின் விளிம்பில் நிற்கிறீர்கள் என்று பொருள். கீழவாசல், தெற்குவாசல், மேலவாசல் என்று பேருந்து நடத்துநர்கள் இன்றும் கூவும் நிறுத்தங்கள் அந்தக் கோட்டையின் வாயில்கள். மேற்கு வாயிலின் கற்கட்டு ஒரு துண்டாகப் பெரியார் பேருந்து நிலையத்துக்கு அருகில் எஞ்சியிருக்கிறது. இதற்கும் முந்தைய பாண்டியர் கோட்டையின் கிழக்கு வாயில், அம்மன் சன்னதித் தெருவில் விட்டவாசல் என்ற பெயரில் நிற்கிறது. இடிக்காமல் விட்டுவிட்டதால் விட்டவாசல். கீழ ஆவணி மூல வீதியருகே உள்ள விட்டவாசலிலிருந்து கீழவாசல் வரை கிழக்கே நடந்தால், இரண்டு காலத்து மதுரைகளின் எல்லைகளுக்கு இடையிலுள்ள தூரத்தைக் காலால் அளந்துவிடலாம். என்னைக் கேட்டால், ஒரே ஒரு நடைக்குத்தான் நேரம் இருக்கிறது என்கிறவர் இதைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

பிளாக்பர்னின் நினைவாக நிறுவப்பட்ட விளக்குத்தூண், மாசி வீதிச் சுற்றின் தென்கிழக்கு மூலைப் பக்கம் இருக்கிறது. விளக்கு ஏற்றுவார் இல்லை. இடத்துக்குப் பெயராக மட்டும் தூண் பயன்படுகிறது. இரண்டாம் நாள் மாலையை இந்த மூலைக்கு ஒதுக்குங்கள். துணிக்கடைகளுக்கு நடுவே ஒரு சந்தில் திரும்பினால், கூரையைத் தாங்காமல் பத்துப் பெரிய கல்தூண்கள் வரிசையாக நிற்கும். திருமலை நாயக்கர் அரண்மனையின் ஒரு பகுதியாக இருந்து, மற்றவை எல்லாம் போன பின் எஞ்சியவை அவை. சந்துக்குப் பத்துத்தூண் சந்து என்றே பெயர். அங்கிருந்து தெற்கே மகால்வரை நடந்து பாருங்கள். 1636ஆம் ஆண்டு கட்டப்பட்ட அரண்மனையில் இன்று நிற்பது நான்கில் ஒரு பங்கு என்று நூல்களில் படிக்கும்போது வெறும் கணக்காக இருப்பது, பத்துத்தூணிலிருந்து மகால் வாசல்வரை நடந்த பிறகு கால்வலியாகப் புரியும்.

மகாலைச் சுற்றியுள்ள மகால் தெருக்களும் பந்தடித் தெருக்களும் சௌராஷ்டிரர்கள் பல தலைமுறைகளாக வாழும் பகுதி. நாயக்கர் காலத்தில் பட்டு நெசவுக்காகக் குடியமர்த்தப்பட்டவர்களின் வழிவந்தவர்கள், வீட்டுக்குள் இன்றும் சௌராஷ்டிர மொழி பேசுகிறார்கள். துணியில் சிறு சிறு முடிச்சுகள் இட்டுச் சாயத்தில் நனைத்து, காய்ந்த பிறகு முடிச்சவிழ்த்தால் புள்ளிகள் தெரியும் சுங்குடிச் சேலை இவர்களுடைய கைவேலை. 2005ஆம் ஆண்டு அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. இந்தத் தெருக்களில் மெல்ல நடங்கள், காதைத் தீட்டிக்கொண்டு நடங்கள். தமிழில் பேசிக்கொண்டிருக்கும் இரண்டு பெண்கள் வாசல் தாண்டி உள்ளே போனதும் வேறு மொழிக்கு மாறிவிடுவதைக் கேட்டால், புதிய ஊரில் நடக்க ஏன் வந்தோம் என்ற கேள்வி எழாது.

சாப்பாட்டை ஓய்விடங்களாக வைத்துக்கொள்வது என் வழக்கம். தேடிப் போய் வரிசையில் நிற்பதைவிட, கால் வலிக்கும் இடத்தில் கிடைப்பதை உண்ணலாம். விளக்குத்தூண் பக்கம் ஜிகர்தண்டா கிடைக்கும்: சுண்டக் காய்ச்சிய பால், பாதாம் பிசின், நன்னாரிச் சாறு, மேலே பனிக்கூழ். தெருவண்டிகளில் பருத்திப்பால் கிடைக்கும். பருத்தி விதையை ஊறவைத்து அரைத்தெடுத்த பாலில் கருப்பட்டியும் சுக்கும் சேர்ந்தது, இரண்டு மணி நேர நடைக்குப் பின் அதற்கு இணை இல்லை. இரவு பத்து மணிக்கு மேலும் பரோட்டாக் கல்லின் ஓசை கேட்கும் ஊர் என்பதால் உணவுக்காக நடையைச் சுருக்க வேண்டியதில்லை. பெண்கள் தனியாக நடப்பதென்றால் மாசி வீதிகளும் சித்திரை வீதிகளும் இரவிலும் ஆள் நடமாட்டம் உள்ளவை. சந்துகளைப் பகலுக்கு வைத்துக்கொள்வதும், வெளி வீதிக்கு அப்பால் இரவில் வண்டி பிடித்துக்கொள்வதும் நல்லது.

மூன்றாம் நாள் காலையில் வடக்கே நடந்து ஆற்றுக்குப் போங்கள். சிம்மக்கல், யானைக்கல் என்று கல்லுருவங்களின் பெயரையே இடப்பெயராகக் கொண்ட இரண்டு சந்திப்புகளைத் தாண்டினால் வைகை. 1889ஆம் ஆண்டு அமைந்த ஏ.வி. பாலத்தின்மேல் நின்று பார்க்கும்போது ஆற்றில் தண்ணீர் இல்லாவிட்டால் ஏமாற்றமடைய வேண்டாம், பெரும்பாலான மாதங்களில் மணலும் புல்லும் ஒரு கோடு நீரும்தான். பாலத்தின் நடுவில் திரும்பித் தெற்கே நோக்குங்கள். இரண்டு நாட்களாக அடியில் நின்று அண்ணாந்து பார்த்த கோபுரங்கள் அங்கிருந்து ஊரின் மேல் சிறியதாகத் தெரியும்; எது தெற்குக் கோபுரம் என்று யாரையும் கேட்காமல் சொல்ல முடிந்தால் நடை பலித்தது. பாலத்தைக் கடந்தால் கோரிப்பாளையம் தர்கா. கோரிப்பாளையத்துக்கு அப்பால் சாலைகள் அகலமாகி, பழைய நகரத்தின் நடை முடிந்துவிடுகிறது.

ஒவ்வோர் இரவும் அறைக்குத் திரும்பியதும் முதல் நாள் வரைந்த தாளைப் பார்க்காமல் புதிதாக ஒரு படம் வரையுங்கள். அன்று நடந்த தெருக்கள், மூக்கில் பட்ட மணங்கள், பேசிய மனிதர்கள் எல்லாம் அதில் ஏறட்டும். வெறுமையாக விடப்பட்ட மூலைதான் மறுநாள் போக வேண்டிய இடம். என் படத்தில் தென்மேற்கு மூலை ஒரு மாதம் வெறுமையாகவே இருந்தது. ஒருநாள் போய்ப் பார்த்தால், கூடலழகர் கோயிலும் காஜிமார் தெருவின் பழைய பள்ளிவாசலும் கூப்பிடு தூரத்தில் இருக்கின்றன. நாள்தோறும் பெரியார் நிலையத்தில் பேருந்து ஏறி இறங்கிய நான் இரண்டுக்கும் நடுவில் கண்ணை மூடிக்கொண்டு நடந்திருக்கிறேன்.

மற்ற ஊர்களுக்கு இதே முறை அப்படியே பொருந்தாது. திருவரங்கத்தில் சித்திரை வீதி, உத்திர வீதி என்று சுற்றுகள் உண்டு, ஆகவே சுற்றி நடக்கலாம். தஞ்சாவூரில் நான்கு ராஜ வீதிகளைப் பிடித்தால் போதும். புதுச்சேரியில் தெருக்கள் கட்டம்போட்டவை. அங்கே சுற்றினால் ஒன்றும் புரியாது, கடற்கரையிலிருந்து மேற்கே நேராக நடந்து வாய்க்காலைக் கடக்கும்போதுதான் ஊர் இரண்டாக இருப்பது புரியும். ஊருக்குப் போகுமுன் அதன் நடு எது, பழைய விளிம்பு எது, தண்ணீர் எந்தப் பக்கம் என்ற மூன்றையும் பார்த்துக்கொண்டால் எப்படி நடப்பது என்பது தானாகப் பிடிபடும்.

மதுரையில் கடைசி இரவை மட்டும் கோயிலுக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஒன்பது மணிக்கு மேல், நடை சாத்துவதற்கு முன், சொக்கநாதரின் பாதுகை பல்லக்கில் ஏறி மீனாட்சியின் பள்ளியறைக்குப் போகும். மேளமும் நாகசுரமும் ஓய்ந்த பிறகு மேலக் கோபுர வாசல் வழியே வெளியே வந்தால் டவுன்ஹால் ரோட்டுக்கும் ரயில் நிலையத்துக்கும் அதுதான் கிட்டம். செருப்பை மாலையில் எந்த வாசலில் விட்டோம் என்பதை மட்டும் மறக்காதீர்கள். கிழக்கு வாசலில் விட்டிருந்தால், வெறுங்காலோடு இன்னொரு அரைச் சுற்று.